கழுத்தில் கட்டிய சிவப்புத் துணி

வேலாத்தாளுக்கு வாய் கொஞ்சம் நீளம். நல்லூரில் அவள் இருந்த லைன் வீட்டில் பத்துக் குடும்பம். பத்தும் அவளுக்குப் பயப்படும். இருபது வருஷமாகப் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற வேலை. புருஷன் போய்ச் சேர்ந்தபின் அவள் அதட்டாமல் பேசிய ஒரே ஜீவன் கருவாயன் என்ற தெருநாய்தான். பொறை ரொட்டியைக்கூடப் பாலில் நனைத்துத்தான் போடுவாள். அடேயப்பா, பெற்ற பிள்ளைக்கும் அப்படியொரு சீராட்டு கிடைக்காது.

சித்திரையில் மாநகராட்சி வண்டி வந்தது. தெருநாய்களை வலை போட்டுப் பிடித்து, கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, சில நாள் கழித்துப் பிடித்த தெருவிலேயே விடுவார்கள். ஊசி போட்டதற்கு அடையாளம், கழுத்தில் சிவப்புத் துணி. அதற்கென்று தனியாகவா நெய்வார்கள்? திருப்பூரில் கட்டிங் வேஸ்ட்டுக்கா பஞ்சம்? ஏதோ ஒரு கம்பெனி மூட்டையாகக் கொடுத்த பனியன் துண்டுதான்.

பக்கத்துத் தெருவில் பிடித்துப்போன வெள்ளை நாய் திரும்பவே இல்லை என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். வேலாத்தாள் அதை நம்பிவிட்டாள். கம்பெனியில் அப்போது சிவப்பு டீசர்ட் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. முழ நீளத் துண்டு ஒன்றை முந்தானையில் முடிந்து வந்து கருவாயன் கழுத்தில் கட்டினாள்.

மறுநாள் வலையோடு வந்த மாநகராட்சி ஆள் மயில்சாமி துணியைப் பார்த்து நின்றார். "இதுக்கு ஆயிருச்சுங்களா?"

"போன வாரமே போட்டுட்டாங்க சாமி."

வண்டி போய்விட்டது. மாநகராட்சியையே ஏய்த்துவிட்ட பெருமை அவளுக்கு அன்று முழுக்கத் தாங்கவில்லை.

ஆடியில், குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த குகனின் கெண்டைக்காலைக் கருவாயன் கவ்வியது. குகன் அடுத்த வீட்டு டெய்லர், சாது. ரத்தம் ஒழுகியது. ஆறு மாதக் கர்ப்பிணியான அவன் மனைவி அன்புசெல்வி வேலாத்தாளிடம் வந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்னா இன்னைக்கு இவருக்குக் கம்பெனில ஷிப்மெண்ட்டுங்க. ஏனுங்க்கா, நம்ம கருவாயனுக்குத்தான் ஊசி போட்டாச்சுல்லீங்க?"

லைனே வேலாத்தாளின் வாயைப் பார்த்தது. அத்தனை நீள வாய், உண்மையைச் சொல்ல வேண்டிய அந்த ஒரு நொடியில் நொண்டியடித்தது. சொன்னால் ஏச்சு விழும், நாயைக் கொண்டுபோய்விடுவார்கள். என் கையால் தின்னும் நாய்க்கு என்ன வந்துவிடப்போகிறது என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

"போட்டாச்சு கண்ணு. சோப்புப் போட்டு நல்லாக் கழுவச் சொல்லு."

குகன் காலைக் கழுவிக்கொண்டு கம்பெனிக்குப் போனான்.

நான்காம் நாள் ஓடைப் புதரில் கருவாயன் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது. வேலாத்தாள்தான் பார்த்தாள். லாரியில் அடிபட்டதாக லைனில் சொன்னாள். பாவி மகள், அப்போதாவது சொல்லியிருக்கலாம், அப்போதும் நேரம் இருந்தது. இரண்டு முறை குகன் வாசல்வரை போய், உப்புக் கேட்டுவிட்டுத் திரும்பினாள். ஒவ்வொரு நாளும் அவன் சாப்பாட்டுத் தூக்கோடு வேலைக்குப் போவதைப் பார்த்து, ஒன்றும் ஆகாது என்று நம்பப் பழகிக்கொண்டாள்.

நாற்பதாம் நாள் குகனுக்கு டீ தொண்டையில் இறங்கவில்லை. தண்ணீர்ச் சொம்பைக் கண்டதும் உடம்பு வெட்டி இழுத்தது. பெரியாஸ்பத்திரியில் வெறிநோய், இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார்கள். மூன்றே நாள்.

காரியமெல்லாம் முடிந்தபின், அன்புசெல்வி வயிற்றைப் பிடித்தபடி ஒரு காகிதத்தோடு வந்து உட்கார்ந்தாள்.

"அந்த மயில்சாமி ஊசியே போடாம வெறுந்துணியக் கட்டி உட்டுட்டான்னு வார்டு ஆபீஸ்ல மனுக் குடுக்கப் போறேனுங்க்கா. நீங்கதான் சாட்சி சொல்லோணும்."

வேலாத்தாள் காகிதத்தைக் கையில் வாங்கவில்லை. தன் பழியை இன்னொருவன் தலையில் போட அவளால் முடியவில்லை.

"அவரு கட்டல கண்ணு. நாந்தான் கட்டுனேன். ஊசியே போடல."

அன்புசெல்வி அழவில்லை. காகிதத்தை நாலாக மடித்தாள்.

"கடிச்ச அன்னைக்கே இதைச் சொல்லியிருந்தா?"

"ஊசி போட்டிருப்பாங்க" என்றாள் வேலாத்தாள். "பொழச்சிருப்பாரு."

அன்புசெல்வி சுவரைப் பிடித்து எழுந்து, தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.