அண்ணா என்று கூப்பிடாத குற்றம்

கடையின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. நான் சட்டத்தை வைத்துப் பிழைக்கிறவள். இதில் வருகிறவர்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன். ஒருவர் மட்டும் தன் மாற்றுப் பெயரைத் தானே எடுத்துக்கொண்டார். "எங்க பெரியம்மா பேரு கனகமாலா. கேக்க நல்லா இருக்கும், அதையே போடுங்க மேடம்" என்றார். அதனால் அவர் கனகமாலா. நான் வக்கீல் சிந்துஜா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திருவண்ணாமலையில் பெரிய கோபுரத்துக்குக் கொஞ்ச தூரத்தில் மூன்று மாடி ஜவுளிக்கடை. வாசலில் 'இது கடை அல்ல, குடும்பம்' என்று தங்க நிறத்தில் எழுதியிருக்கும். பௌர்ணமிக்கு மலை சுற்றி வந்தவர்கள் சேலை பார்க்கிற சாக்கில் அங்கே மெத்தையில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டுக்கொள்வார்கள். குடும்பத்தார் மட்டும் உட்காரக் கூடாது. குடும்பம் என்பதால் எல்லோருக்கும் உறவுமுறை உண்டு. சூப்பர்வைசர் யாராக இருந்தாலும் 'அண்ணா', கவுண்டரில் நிற்கிற பெண்கள் அத்தனை பேரும் 'தங்கச்சி'. வயது கணக்கில் வராது. அந்தக் குடும்பத்தில் உறவுமுறை இல்லாத ஒரே ஆள் முதலாளி ஆதவன். அவரை எல்லோரும் முதலாளி என்றுதான் கூப்பிட வேண்டும்.

கனகமாலா அங்கே பட்டுச்சேலைப் பிரிவில் நிற்கிறவர். நாற்பது தாண்டியவர். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு கிராமம், நயினார் வீட்டுப் பெண், அதாவது தமிழ்ச் சமணர். கணவர் ஜினதாசன் மணிலா, அதாவது வேர்க்கடலை, போடுகிறார், நெல்லும் உண்டு. கஷ்டத்தில் வேலைக்கு வந்தவர் என்று யாரும் பரிதாபப்பட வேண்டாம். அவருக்குச் சேலை பிடிக்கும், சேலையை உதறி விரித்துக் காட்டப் பிடிக்கும், ஊர்க்கதை பேசப் பிடிக்கும், அதனால் வந்தார். வாயில்லாப் பூச்சியும் அல்ல. கவுண்டர் நிறையச் சேலையைப் பிரிக்க வைத்துவிட்டு, கடைசியில் கர்ச்சீப் வாங்கிக்கொண்டு போன ஒரு கல்யாண கோஷ்டியை, அவர்கள் படியிறங்கும் முன்பே அப்படியே நடித்துக் காட்டினவர் அவர். அன்று சேலை எடுக்கப் போயிருந்த எனக்கு அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அவருக்கு ஒரே ஒரு நிபந்தனை. பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார். அவர்கள் வீடுகளில் அது தலைமுறை தலைமுறையாக வருகிற வழக்கம். விளக்கு வைத்துவிட்டால் மறுநாள் விடிந்த பிறகுதான் சாப்பாடு. பழைய சூப்பர்வைசர் இருந்தவரை ஐந்தரை மணிக்கு டிபன் பாக்ஸைத் திறந்து, சாப்பிட்டுக் கழுவி வைத்துவிட்டு வந்து நிற்பார். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. பிறகு தசரதன் வந்தார்.

தசரதனுக்குக் கனகமாலாவைவிட ஆறேழு வயது கம்மி. வந்த அன்றே அவர் அண்ணா ஆனார், கனகமாலா தங்கச்சி ஆனார். அண்ணாவுக்குத் தமாஷ் ஜாஸ்தி. தங்கச்சி இருட்டினால் சாப்பிட மாட்டார் என்று தெரிந்ததும் அவருடைய இடைவேளையை ஏழு மணிக்கு மாற்றினார். கேட்டதற்கு, சாயங்காலம் கூட்டம் என்றார். கூட்டமே இல்லாத செவ்வாய்க்கிழமையிலும் அந்தக் கூட்டம் இருந்தது. தெருவிளக்கு எரிந்ததும் கையைத் தட்டி எல்லோரையும் கூப்பிடுவார். "பாத்துக்கோங்கப்பா, தங்கச்சிக்கு ஷட்டர் இறக்கியாச்சு. இனிமே காலைலதான் தெறப்பாங்க." மற்ற பெண்கள் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் அடுத்த ஷட்டர் யாருக்கு என்பது அவர்களுக்குத் தெரியும். கொஞ்ச நாளில் 'ஷட்டர்' என்பதே கனகமாலாவின் பெயராகிவிட்டது. வாடிக்கையாளர் முன்னாலும் அப்படித்தான். "ஷட்டர், அந்த அரக்கு பார்டரை எடுத்துக் காட்டு."

கடைசி பஸ்ஸைப் பிடித்து வீடு போய்ச் சேர்ந்தால், வயிறு மதியம் சாப்பிட்டதோடு நின்றிருக்கும். நான்கைந்து மாதத்தில் வயிற்றில் புண் வந்துவிட்டது. வேளைக்குச் சாப்பிடாவிட்டால் மருந்து கொடுத்துப் பயனில்லை என்றார் டாக்டர். "வேலையை வுட்டுடு" என்றார் ஜினதாசன். சாப்பாட்டை விடுவதா, சேலையை விடுவதா, வழக்கத்தை விடுவதா என்று நிற்கிற நிலை அந்த அம்மாவுக்கு. மூன்றில் எதை விட்டாலும் அவர் பாதி ஆளாகிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. விட வேண்டிய நாலாவது ஒன்று இருந்தது, தசரதனின் தமாஷ். அதை விடச் சொல்லி யாரும் யோசனை சொல்லவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொல்லியும் பார்த்தார். ஆதவன் நல்ல மனுஷன். மூன்று மாடியும் நன்றாக ஓட வேண்டும், யாரும் அழக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. "அண்ணன் தங்கச்சிக்குள்ள ஆயிரம் இருக்கும்மா. இதுல நான் எப்படித் தலையிடுறது?" என்று அனுப்பி வைத்தார்.

பிறகு பஜ்ஜி வந்தது. ஒரு நாள் விளக்கு வைத்த பிறகு தசரதன் கடை ஆட்கள் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கிவந்தார். ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு கனகமாலாவிடம் வந்தார். "ஒரே ஒரு வாய் தங்கச்சி. சாமி ஒண்ணும் பாக்காது, நான் மறைச்சுக்கறேன்." வேண்டாம் அண்ணா என்று இவர் பின்னால் நகர, அலமாரி முதுகில் இடித்தது. அவர் ஒரு கையால் இவர் தாடையைப் பிடித்து, இன்னொரு கையால் பஜ்ஜியை வாயில் திணித்துவிட்டார். கனகமாலா அதைத் துப்பினார். துப்பியது ஒரு பட்டுச்சேலை மேல் விழுந்தது. கறை பட்டதே என்று எல்லோரும் சேலையைத்தான் பார்த்தார்கள். இதைச் சொல்லும்போதுதான் அவர் முதல்முறையாக என் முன்னால் அழுதார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, இப்போது எழுதும்போதும் எரிகிறது.

மறுநாள் காலை கனகமாலா வழக்கம்போல வந்தார். தசரதன் கூப்பிட்டதும், "சொல்லுங்க சார்" என்றார்.

அவ்வளவுதான் அவர் செய்தது. சண்டை போடவில்லை, முகத்தைத் திருப்பவில்லை, சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்தார். ஆனால் அண்ணா போய்விட்டது. "எடுத்துட்டு வரேன் சார்." "கஸ்டமர் கேக்குறாங்க சார்." முதல் நாள் தசரதன் சிரித்தார். இரண்டாம் நாள், "என்ன தங்கச்சி, கோவமா?" என்று கேட்டார். "இல்லீங்க சார்" என்று பதில் வந்தது. ஒரு வாரத்தில் மனிதருக்குத் தூக்கம் போய்விட்டது. எல்லோரும் அண்ணா என்கிற இடத்தில் ஒருத்தி மட்டும் சார் என்றால், கேட்கிறவர்கள் ஏன் என்று யோசிப்பார்களே. யோசிக்கவும் ஆரம்பித்திருந்தார்கள்.

ஆகவே அந்தக் கடையின் வரலாற்றிலேயே முதல் புகாரைத் தசரதன் கொடுத்தார்.

அன்று மத்தியானம் ஆதவன் எனக்குப் போன் செய்தார். "மேடம், நம்ம கமிட்டிக்கு ஒரு கேஸ் வந்திருக்கு."

"எந்தக் கமிட்டி?"

"உள்ளகப் புகார்க் குழு மேடம். நீங்கதான வெளி மெம்பர்."

எனக்கு அப்போதுதான் தெரியும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில், பெண்கள் புகார் சொல்ல ஒரு குழு இருக்க வேண்டும், அதில் வெளியாள் ஒருவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரே ராத்திரியில் பலகை எழுதியிருக்கிறார்கள். வெளியாளுக்கு எங்கே போவது? தீபாவளிக் குலுக்கல் பெட்டியில் நான் போட்டிருந்த விசிட்டிங் கார்டு கையில் கிடைத்திருக்கிறது. அந்தக் குலுக்கலில் எனக்கு விழுந்த பரிசு அதுதான். பலகையைத் தேடிப் போனேன். இரண்டாவது மாடியில், உடைந்த பொம்மைகள் நிறுத்தியிருந்த மூலையில், ஒரு தலையில்லாப் பொம்மைக்குப் பின்னால் என் பெயர் இருந்தது. குழுத் தலைவர் என்று பில் போடுகிற சினேகாவின் பெயர் இருந்தது. அந்தப் பெண்ணும் அதை என்னோடு சேர்ந்துதான் முதல்முறையாகப் படித்தது.

ஆண்கள் புகார் கொடுக்கிற குழு இது இல்லை என்று ஆதவனிடம் சொன்னேன். "இருக்கறது ஒரு கமிட்டிதான் மேடம். அதையே யூஸ் பண்ணிக்கலாமே" என்றார். திட்டிவிட்டு எழுந்து போயிருப்பேன். ஆனால் புகாரைப் படித்தவுடன் உட்கார்ந்துவிட்டேன். 'மேற்படி கனகமாலா என்பவர் என்னைத் தொடர்ந்து சார் என்று அழைத்து, சக ஊழியர்கள் மத்தியிலும் வாடிக்கையாளர் மத்தியிலும் மன உளைச்சலுக்கு ஆளாக்குகிறார்.'

கல்யாணப் பட்டு காட்டுகிற அறையில், மெத்தையில், விசாரணை நடந்தது. சினேகா எழுதிக்கொள்ள உட்கார்ந்தாள்.

"சார்னு கூப்பிட்டா என்னங்க உளைச்சல்?" என்று தசரதனைக் கேட்டேன்.

"நான் ஏதோ தப்பு பண்ணிட்ட மாதிரி ஆவுது மேடம்."

"பண்ணீங்களா?"

"ஐயோ, கூடப் பொறந்தது மாதிரி வச்சிருந்தேன் மேடம்." அண்ணன் பாசத்துக்கு அத்தாட்சியாக ஒவ்வொன்றாக அவரே எடுத்து வைத்தார். ஷட்டர் என்று செல்லப் பெயர் வைத்ததை, விளக்கு வைத்ததும் எல்லோரையும் கூப்பிட்டுத் தமாஷ் பண்ணினதை, சும்மா விளையாட்டுக்கு இடைவேளையை மாற்றினதை. "கடைசில பஜ்ஜி கூட நானே ஊட்டி வுட்டேன். வேணாம் வேணாம்னாங்க, தாடையைப் புடிச்சு ஊட்டினேன். சொந்த அண்ணன் செய்வானா மேடம்?"

சினேகா ஒரு வார்த்தை விடாமல் எழுதினாள். கீழே தசரதன் கையெழுத்தும் போட்டார். என் பதினைந்து வருஷத் தொழிலில் இவ்வளவு சுத்தமான ஒப்புதலை நான் பார்த்ததில்லை, அதுவும் புகார் கொடுத்தவர் வாயாலேயே.

பிறகு கனகமாலாவைக் கூப்பிட்டோம். நின்றுகொண்டே பேசினார், பழக்கம். "அண்ணானு கூப்பிட்ட வரைக்கும் நான் யார்கிட்ட சொன்னாலும் அது வூட்டு விஷயமா போச்சுங்க. முதலாளியே அப்படித்தான் சொன்னாரு. சார்னு கூப்பிட்டேன். கேக்கறதுக்கு நீங்க வந்துட்டீங்க."

விருப்பமில்லாத பெண்ணைத் தொட்டுச் செய்கிற விளையாட்டுக்குச் சட்டத்தில் வேறு பெயர் இருக்கிறது என்று அவரிடம் விளக்கினேன். அன்றே அவர் தன் புகாரை எழுதிக் கொடுத்தார். பலகையில் எழுதிய குழுவுக்கு அன்றுதான் முதல்முறையாக வேலை வந்தது.

ஆதவன் ஆடிப்போனார். "எதுக்கு மேடம் இதெல்லாம். ரெண்டு பேரும் சமாதானமா போயிடட்டும். பழையபடி ஒரு தடவ அண்ணானு கூப்பிட்டுட்டா முடிஞ்சிடும்." சமாதானம் வேண்டும் என்று அந்தப் பெண் கேட்டால்தான் அதைப் பற்றிப் பேசவே முடியும், நீங்கள் கேட்க முடியாது என்றேன். எல்லோரும் கனகமாலாவைப் பார்த்தோம். "எனக்கு அஞ்சரைக்கு சாப்பிடணும். அண்ணானு கூப்பிட மாட்டேன்" என்றார்.

விசாரணை முடிந்தது. தசரதன் எழுத்தில் மன்னிப்புக் கேட்டார். சூப்பர்வைசர் பதவி போய், கீழ்த்தளத்தில் சட்டைப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஐந்தரை மணி இடைவேளை திரும்ப வந்தது. வேலையை விட்டே அனுப்பியிருக்கலாம் என்பது என் கட்சி. ஆதவனுக்கு மனம் வரவில்லை.

ஆனால் அவருக்குக் கோபம் தீரவில்லை. மறுநாள் எல்லோரையும் நிற்க வைத்து, "குடும்பமா நடத்தினேன். உங்களுக்கு அது புடிக்கல. இனிமே இந்தக் கடைல எல்லாம் சட்டப்படிதான்" என்று மிரட்டினார். சினேகா அதை உத்தரவு என்று எடுத்துக்கொண்டாள். என்னிடம் வந்து சட்டத்தில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போனாள். வாரத்துக்கு ஒரு நாள் லீவு இருந்தது. கடையில் நிற்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றும் இருந்தது. மிரட்டலை வாபஸ் வாங்க ஆதவனுக்கு வழியில்லை. கவுண்டருக்குக் கவுண்டர் ஸ்டூல் வந்தது. 'குடும்பம்' என்கிற போர்டு மட்டும் வாசலில் இன்னும் இருக்கிறது, பெயிண்ட் செலவு என்று விட்டுவிட்டார்.

போன மாதம் ஒரு சேலை எடுக்கப் போனேன். கீழே தசரதன் சட்டை மடித்துக்கொண்டிருந்தார். ஒரு பெண் அவரிடம், "சார், நாப்பத்திரண்டு சைஸ் இருக்குங்களா?" என்று கேட்டாள். இப்போது எல்லோருமே சார் என்கிறார்கள். அவர் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

மேலே கனகமாலா ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலில் மலை தெரிந்தது. எலுமிச்சை சாதம், வேர்க்கடலைத் துவையல். எனக்கும் ஒரு வாய் வேண்டுமா என்று கேட்டார், தட்டில் வைத்துத்தான் கொடுத்தார்.

எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம் இருந்தது, கேட்டுவிட்டேன். "அவரு உங்களைவிடச் சின்னவரு. அண்ணா வேணாம், சரி. முறையாப் பாத்தா தம்பினு கூப்பிடலாமே. எதுக்கு சார்?"

மென்றுகொண்டிருந்ததை விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"நெனைச்சேன் மேடம். தம்பினு கூப்பிட்டா மன்னிச்சிடணுமே."

டப்பாவை மூடி, கை கழுவ எழுந்தார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.