இறங்காமல் சுற்றிய மூன்றாவது ஆள்

சந்திரனுக்காக அம்பத்தூரில் யாராவது ரத்தம் சிந்தியிருப்பார்களா என்று கேட்டால், நான் சிந்தியிருக்கிறேன். இடது புருவத்தில் இன்னும் தழும்பு இருக்கிறது. அந்தத் தழும்பைப் பற்றி எனக்கு வருத்தமில்லை, அது எனக்கு வர வேண்டியதுதான். வருத்தமெல்லாம் என் தங்கச்சியைப் பற்றி.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், நாங்கள் எஸ்டேட் என்போம், ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். நான் ஒரு கோபக்காரப் பயல். பஸ்ஸில் காலை மிதித்தவனைச் சட்டையைப் பிடித்துக் கீழே இறக்கியிருக்கிறேன். தண்ணீர்க் குழாயில் என் மனைவியின் குடத்தை நகர்த்தியவன் வீட்டுக் கதவை உதைத்துப் பெயர்த்திருக்கிறேன். வாய் அதைவிட மோசம். நாலு பேர் சிரிக்கிறார்கள் என்றால் பெற்ற தாயைக்கூட விட்டுக்கொடுத்துப் பேசுவேன். அது ஒரு திறமை என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

எஸ்டேட் வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. சாப்பாட்டு மணி அடித்ததும் பத்துப் பதினைந்து பேர் அங்கே சேர்ந்துவிடுவோம். எனக்கு எழுத்துக் கூட்டாமல் படிக்க வரும், அதனால் பேப்பர் என் கையில். சந்திரனுக்கு மூன்று பேர் கிளம்பிய வாரம் கடையில் வேறு பேச்சே கிடையாது.

"போய்ச் சேர்றப்போ அமாவாசையா இருந்தா எங்க எறங்குவான்? அன்னிக்குத்தான் நெலாவே இருக்காதே" என்று கேட்டார் டீ மாஸ்டர்.

"நெலா அங்கியேதான்யா கீது. வெளிச்சம்தான் நம்ம பக்கம் இல்ல" என்றேன் நான்.

"அப்ப இருட்டுல எறங்கிக் கால ஒடச்சிக்க மாட்டானா?"

லாரி ஓட்டுகிற ஒருத்தர், ராக்கெட்டுக்கு ரிவர்ஸ் கியர் இருக்கிறதா, இல்லாவிட்டால் எப்படித் திரும்பி வருவான் என்று கேட்டார். முத்தாபுதுப்பேட்டையிலிருந்து வேலைக்கு வருகிறவன், தன் வீட்டுக் கூரைக்கு மேலே பறக்கிற ஏரோப்ளேனையே இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றினால் சந்திரனுக்குப் போய்விடாதா என்றான். அங்கே காற்று கிடையாது, இறக்கைக்குப் பிடிமானம் இருக்காது என்று நான் விளக்கினேன். "எல்லாம் பீலா. ஏதோ ஒரு பொட்டல்ல நின்னு போட்டோ புட்சிகினு வந்துட்டு சொல்லப் போறான்" என்று ஒருத்தன் சொன்னதற்கு அவன் மூக்கில் ஒரு குத்து விட்டேன். அமெரிக்காக்காரன் எனக்கு என்ன சித்தப்பனா, பெரியப்பனா? ஆனாலும் நான் படித்ததைப் பொய் என்றால் எனக்குப் பொறுக்காது.

என்னைப் பிடித்து இழுத்தது என் தங்கச்சி புருஷன். அவனும் அதே எஸ்டேட்டில்தான், வேறொரு கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டினான். திருவேற்காட்டில் வீடு. அதிகம் பேசாதவன். பேசினால் நல்ல கேள்வியாகக் கேட்பான். "அங்க நின்னுகினு பாத்தா நம்ம பூமி சுத்துறது தெரியுமா மச்சான்?" என்று அவன் கேட்டதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லாமல் மழுப்பினேன்.

அவர்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம், குழந்தை இல்லை. ஊர் என்ன சொல்லும்? என் தங்கச்சியைத்தான் சொன்னது. வளைகாப்புக்குக் கூப்பிடமாட்டார்கள், கூப்பிட்டாலும் கடைசி வரிசையில் உட்காரவைப்பார்கள். அவள் மாமியார் மகனுக்கு ரெண்டாவது பெண் தேட ஆரம்பித்திருந்தாள். அப்படி ஒருத்தி வந்தால் இவள் கதி தெருதான்.

அந்த ஆடியில் எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றியபோது தங்கச்சி வந்திருந்தாள். என் மனைவியிடம் மட்டும், அடுப்படியில் உட்கார்ந்து அழுது சொல்லியிருக்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளைத் தொட்டதில்லை. பக்கத்தில் வருவானாம், உடனே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வானாம். மற்றபடி நல்ல மனுஷன், ஒரு வார்த்தை அதட்டிப் பேசினதில்லை. "அண்ணனுக்குக்கூட தெரிய வேணாம் அண்ணி" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள்.

மறுநாள் காலை என் மனைவி என்னிடம் சொல்லிவிட்டாள். கெட்ட எண்ணத்தில் இல்லை. "ரெண்டாம் கல்யாணம்னு வர்றதுக்குள்ள நீ அவர தனியா கூப்ட்டுப் பேசு. நல்ல டாக்டரா பாத்து இட்டுகினு போ. அவ சொன்னதா மட்டும் காட்டிக்காத." சரி என்றேன். உண்மையாகவே அந்த ஞாயிற்றுக்கிழமை பேசுவதாகத்தான் இருந்தேன்.

அந்த ஞாயிறு வருவதற்குள் சந்திரனில் இறங்கிய செய்தி வந்துவிட்டது. கடையில் நிற்க இடமில்லை. நான் பெஞ்சு மேல் ஏறி நின்று படித்தேன். ரெண்டு பேர் இறங்கினார்கள், மூன்றாவது ஆள் தாய்க்கப்பலிலேயே இருந்து சந்திரனைச் சுற்றிக்கொண்டிருந்தான் என்று படித்ததும் கூட்டத்தில் சலசலப்பு.

"அவ்ளோ தூரம் போயிட்டு எறங்காத சுத்திகினு இருந்தானா? அப்புறம் இன்னாத்துக்குப் போனான் அவன்?" என்றார் லாரிக்காரர்.

என் மச்சான் எதிரிலேயே, கையில் டீ கிளாஸோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தான். என் நாக்கில் சனி.

"இன்னாத்துக்குப் போனான்னு நம்ம மச்சானக் கேளு. அஞ்சு வருசமா சுத்திகினுதான் கீறாரு. இன்னும் எறங்கல."

ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. பிறகு கடையே சிரித்தது. டீ மாஸ்டர் வடிகட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அவன் மட்டும் என்னையே பார்த்தான். இது எனக்கு எப்படித் தெரியும், யார் சொல்லியிருப்பார்கள் என்று அவன் யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

கிளாஸ் என் புருவத்தில் உடைந்தது. கண்ணுக்குள் ரத்தமும் டீயும். தப்பு என் பேரில் என்று தெரிந்தும் அடித்தேன். சாக்கடைக்குள் விழுந்து புரண்டோம். அவன் கீழே கிடந்தபோது விலாவில் மிதித்தேன், ஒரு தரம் இல்லை, மூன்று நாலு தரம். பிடித்து விலக்க வந்தவர்களும் சிரித்துக்கொண்டேதான் வந்தார்கள்.

அன்று சாயங்காலம் திருவேற்காட்டிலிருந்து அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் வந்தார். "உன் தங்கச்சியப் போட்டு அடிச்சிகினு கீறான்யா, வாயெல்லாம் ரத்தம். யாருகிட்ட சொன்ன, யாருகிட்ட சொன்னன்னு கேட்டுகினே அடிக்கிறான்" என்றார். ஐந்து வருஷத்தில் கை ஓங்காதவன்.

அதைக் கேட்டதும் முதலில் என் மனைவியைத்தான் அறைந்தேன். அவள் அழவில்லை. "நான் ஒங்கிட்ட மட்டும்தான சொன்னேன்" என்றாள். அதற்கும் ஒன்று கொடுத்தேன். இன்றைக்கு நினைத்தால் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது. அப்போது அந்தக் கையில் ஒரு இரும்புப் பைப்பை எடுத்துக்கொண்டு சைக்கிள் ஏறினேன்.

வாசற்கதவை உதைத்துத் திறந்தேன். அவன் மூலையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். தோளில் ஒரு அடி வைத்தேன், எலும்பு விலகிய சத்தம் கேட்டது. ரெண்டாவது அடிக்கு ஓங்கும்போது பைப் கையில் இல்லை. தங்கச்சி பின்னாலிருந்து பிடுங்கியிருந்தாள். முன்பல் ஒன்று போயிருந்தது, உதடு வீங்கிக் கிழிந்திருந்தது.

அவனை அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். என் மணிக்கட்டில் அடித்தாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

"அவரு பல்லத்தான் ஒடச்சாரு" என்றாள். பேசும்போது ரத்தம் தெறித்தது. "நான் ஒரு பொம்பளகிட்ட அழுதத நீ பெஞ்சு மேல ஏறி நின்னு படிச்சிட்டு வந்துகீற. அது இன்னா பேப்பர்ல வந்த சேதியா?"

பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "அவன் சொன்னதுக்கு என்னப் போட்டு அடிச்ச இல்ல. இனிமே எனக்கு நீயும் வேணாம், அவனும் வேணாம்." பைப்பைத் தெருவில் எறிந்துவிட்டு, மாற்றுப் புடவை ஒன்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். நாங்கள் ரெண்டு பேரும் ஆளுக்கொரு சுவரில் சாய்ந்து முனகிக்கொண்டு கிடந்தோம்.

எஸ்டேட்டில் அவனுக்கு 'எறங்காதவன்' என்றே பேர் நிலைத்துவிட்டது. ரெண்டு மாதத்தில் வேலையை விட்டு எங்கேயோ போய்விட்டான். நல்ல கேள்வி கேட்கிற ஒரே ஆள் அவன்தான்.

தங்கச்சியை ஆறு மாதம் தேடினேன். சென்னீர்குப்பத்தில் ஒரு ரூம் எடுத்துத் தனியாக இருக்கிறாள், ஒரு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கிறாள் என்று கடைசியில் தெரிந்தது. பொங்கலுக்குச் சீர் கொண்டுபோனேன். அண்ணன் என்று ஒருத்தன் இருக்கும்போது பொங்கலுக்குச் சும்மா விடக்கூடாதே. புடவை, மஞ்சள், வெல்லம், ரெண்டு கரும்பு.

கதவைப் பாதி திறந்தாள். மெலிந்திருந்தாள். தட்டை வாங்கவில்லை, உள்ளே வா என்றும் சொல்லவில்லை. தெருவை ரெண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் கேட்டாள்:

"நான் இங்க கீறேன்னு யாரு யாருகிட்ட சொன்ன?"

"யாருகிட்டயும் சொல்லலம்மா" என்றேன்.

தங்கச்சி கிடைத்துவிட்டாள், சென்னீர்குப்பத்தில்தான் இருக்கிறாள் என்று காலையில் டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தேன்.