நாற்பதுக்குக் குறையாமல்

எங்கள் வீட்டில் என் இடது காலைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பேசாமல் இருந்தால் அது தானாகச் சரியாகிவிடும் என்று அம்மா நம்பினாரோ என்னவோ. சூம்பிய கால் தெரியாமல் இருக்க, என் பாவாடைகளைத் தரை கூட்டும் அளவுக்குத் தழையத் தைக்கச் சொல்லுவார். கல்யாண வீடுகளுக்கு எல்லோருக்கும் முன்பே போய் உட்கார்ந்து, எல்லோரும் கிளம்பிய பிறகு எழுந்து வருவோம். நடுவில் எவ்வளவு பெரியவர்கள் வந்தாலும் நான் எழுந்திருக்கக் கூடாது. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசும் ஊரில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் எங்கள் சொந்தங்களில் பாதிப்பேர் என்னைத் திமிர் பிடித்தவள் என்று முடிவே கட்டிவிட்டார்கள். அம்மாவுக்கு அதில் பரம திருப்தி. திமிர் பிடித்தவளுக்கும் மாப்பிள்ளை கிடைப்பான் என்பது அவர் கணக்கு.

நான் பன்னிரண்டாவது முடித்த சமயம், ஊனமுற்றோருக்கென்று புதுச் சட்டம் வந்திருந்தது. கணக்கு டீச்சர் வீடு தேடி வந்து சொன்னார். கோயமுத்தூர் அரசுக் கல்லூரியில் என்னைப் போன்றவர்களுக்குத் தனியாக இடம் உண்டு. ஆனால் பெரியாஸ்பத்திரியில் நாற்பது சதவீதத்துக்குக் குறையாத ஊனம் என்று சான்றிதழ் வாங்க வேண்டும். என் மதிப்பெண்ணுக்கு வேறு வழியில் சீட் கிடைக்காது. சீட் கிடைக்காவிட்டால் தையில் கல்யாணம் என்று அப்பா ஏற்கெனவே சொல்லியிருந்தார். அம்மா இரண்டு நாள் யோசித்துவிட்டு, கிளம்பு என்றார்.

காந்திபுரத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்துப் போனோம். அம்மா பட்டுப்புடவை கட்டியிருந்தார். எலும்பு டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சு முழுக்க ஊன்றுகோலும் கட்டுமாக ஆட்கள். பக்கத்தில் இருந்த அம்மாள் எங்களைப் பார்த்து, "ஏனுங்க, யாருக்குங்க?" என்று கேட்டார்.

"யாருக்கும் இல்லீங்க. தெரிஞ்சவிங்க ஒருத்தரப் பாக்க வந்தமுங்க" என்றார் அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆஸ்பத்திரியிலேயே என்னை ஒளித்துவைக்க அவரால்தான் முடியும். உள்ளே கூப்பிடும்வரைதான் அந்தச் சிரிப்பு.

"பொண்ணுக்கு என்னங்கம்மா?" என்றார் டாக்டர்.

"ஒண்ணும் இல்லீங்க. நல்லா இருக்கறாளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன்.

"படி ஏறுவாளா?"

"மச்சுப்படி ஓடியே ஏறுவாளுங்க."

"தண்ணி தூக்குவாளா?"

"இடுப்புல ஒரு கொடம், கையில ஒரு கொடமுங்க."

நான் ஒரு குடத்தைக்கூட முழுசாக வீடு சேர்த்தவள் இல்லை. ஒவ்வொரு பதிலுக்கும் என் சதவீதம் இறங்கிக்கொண்டே போனது. இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் என்னை ஓட்டப்பந்தயத்துக்கே அனுப்பியிருப்பார். பொய் சொல்ல வேண்டும் என்று அம்மா நினைக்கவில்லை. இத்தனை வருடப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அப்புறம் எதுக்குங்கம்மா வந்தீங்க?"

"சர்ட்டிபிகேட்டுக்குங்க."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு என்னை நடக்கச் சொன்னார். அங்கேதான் என் கால் என் காலை வாரியது. மூச்சை அடக்கி, தாவணிக்குள் கையை விட்டுத் தொடையை அழுத்திப் பிடித்து, சின்னச் சின்ன அடியாக எடுத்துவைத்துச் சுவர்வரைக்கும் அழகாக நடந்துவிட்டேன். ஆள் பார்த்தால் வேறு மாதிரி நடக்க எனக்கே தெரியவில்லை. தையும் பந்தலும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது.

"இன்னொருக்கா நடக்கறேனுங்க" என்றேன்.

பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகினேன். முட்டியில் கை ஊன்றி, உடம்பு முழுக்க ஒரு பக்கமாய்ச் சாய, வீட்டில் யாரும் இல்லாதபோது நடக்கிற மாதிரி நடந்தேன். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

டாக்டர் டேப் வைத்து இரண்டு காலையும் அளந்தார். முட்டியை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். "எந்த வயசுல, எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்கம்மா. எழுதோணும்."

அது எனக்கும் தெரியாது. கேட்டபோதெல்லாம் 'சாமி குடுத்தது' என்பதோடு அம்மா எழுந்து போய்விடுவார். இப்போது எழுந்து போக வழியில்லை.

"ஒண்ணரை வயசுலீங்க" என்றார், ஜன்னலைப் பார்த்தபடியே. "ரெண்டு நாள் காச்சல், மூணா நாள் காலை ஊனல. அதுக்கு முந்தியே சொட்டு மருந்து குடுக்க நர்ஸம்மா ஊட்டுக்கு வந்தாங்க. பருத்தி எடுக்க ஆளு வந்து நின்னுட்டு இருந்தாங்க. அடுத்த வாரம் பாத்துக்கலாமுன்னு நாந்தானுங்க அனுப்பிச்சுப்போட்டேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"அதையும் அதுல எழுதிருவீங்களா?"

"அதுக்கு இதுல எடம் இல்லீங்கம்மா" என்றார் அவர். இளம்பிள்ளை வாதம் என்று எழுதி, ஐம்பது என்று போட்டுக் கையெழுத்திட்டார். என்னைக் கல்லூரியில் சேர்த்தது அந்த ஐம்பதுதான்.

அம்மாமேல் வைத்திருந்த கோபத்தைத் தேடினேன், அகப்படவில்லை. அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எழுந்து அவர் தோளில் கையைப் போட்டு, வெளியே பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் பார்க்கத் தாங்கித் தாங்கியே நடந்தேன். அம்மா எனக்கு எட்டும்படி தோளைக் கொஞ்சம் தாழ்த்திக்கொடுத்தார்.