அச்சில் வைத்த சந்தனம்

ஹல்துமுல்லைக்குப் போகிற வேனின் பின் சீட்டில் உட்கார்ந்து, மடியில் இருந்த ரிமோட் காரின் முன் சக்கரத்தை விரலால் சுண்டிவிட்டேன். மணலை மெல்லுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நல்ல பேரிங் சுற்றும்போது காதில் எதுவும் விழக் கூடாது. மற்ற மூன்று சக்கரங்களையும் சுற்றிப் பார்த்தேன். அவையும் அரைத்தன.

"என்னடா சத்தம்?" என்றார் முதலாளி. அவர்தான் வேனை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"பேரிங் மொதலாளி. நாலும் அரைக்குது."

"நேத்துதானேடா கழுவுன?"

கழுவித்தான் இருந்தேன்.

நான் லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்துக்காரன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. லொறியில் கிளீனர், கொழும்பில் ஹோட்டலில் எச்சில் தட்டு, வெல்லவாயவில் த்ரீவீலர் கராஜ் என்று சுற்றினேன். எந்த இடத்திலும் இரண்டாவது வருசம் இருந்ததில்லை. பதுளை பசாரில் இவருடைய ஹார்ட்வெயார் கடைக்கு சிமெந்து மூட்டை இறக்க வந்தவன், கல்லாவுக்குப் பக்கத்தில் ஓடாமல் கிடந்த இந்தக் காரைப் பிரித்து ஓட வைத்தேன். அதிலிருந்து கடையின் மாடி ஸ்டோரில் படுக்கை, அக்கா கையால் சாப்பாடு. அக்கா என்பது முதலாளியின் மனைவி. மூட்டை தூக்கி என் இடுப்பு போய்விட்டது. கார் இருக்கிறவரைக்கும்தான் அந்தக் கடையில் எனக்கு வேலை.

அந்தக் கார்தான் அன்றைக்குப் பந்தயத்தில் இருந்தது. அக்காவின் அண்ணன் பண்டாரவளையில் துணிக்கடை வைத்திருக்கிறார். அவரிடமும் ஒரு கார் உண்டு. ஒரு கல்யாண வீட்டில் மச்சானும் மாப்பிள்ளையும் வாய் வளர்த்து, தோற்றவர் காரை மைதானத்திலேயே ஜெயித்தவர் கையில் கொடுப்பது என்று பேசி முடித்துவிட்டார்கள். குறித்த ஞாயிறு ஆயுத பூஜைக்கு மறுநாளாக விழுந்தது.

சக்கரத்தைக் கழற்றினேன். அச்சைச் சுற்றி மஞ்சளாகக் காய்ந்திருந்தது.

"அக்கா, பூஜையில காருக்கு எங்க சந்தனம் வச்சீங்க?"

"அச்சுலதான். எங்கம்மா வீட்டுல லொறிக்குக்கூட அச்சுலதான் வைப்பாங்க. மேல வச்சா காத்துல போயிரும்ல?"

முதலாளி ஸ்டியரிங்கில் ஒரு தட்டுத் தட்டினார். "ஒங்கண்ணனுக்குக் காரைத் தூக்கிக் குடுக்க நீயே வழி பண்ணிட்ட."

"சாமி கும்பிட்டதுக்கு ஒரு பேச்சா? ரோட்டப் பாத்து ஓட்டுங்க, வளைவு வருது."

முந்தின நாள் நடந்தது இதுதான். பேரிங்குகளைக் கழுவி அச்சிலேயே மாட்டி, ஒவ்வொன்றுக்கும் வெளிப்பக்கத்து ரப்பர் மூடியைப் போடாமல் காற்றாட விட்டிருந்தேன். சக்கரங்களும் காரில் இல்லை. பின் டிஃபரன்ஷியலுக்கு எண்ணெய் ஊற்றி மூடிக்கொண்டிருந்தேன். வளைவில் ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்ற விடுவது அந்தச் சின்ன டப்பாதான். உள்ளே இருக்கிற கெட்டி எண்ணெய்தான் அதைக் கட்டுப்படுத்தும். மூடியின் நாலு திருகாணிகளையும் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். கடைசி இறுக்கு மிச்சமிருக்கும்போது அக்கா தாம்பாளத்தோடு வந்து நின்றார். அலன் கீ, ஸ்குரூ டிரைவர், கார் எல்லாம் சாமிப் படத்துக்கு முன்னால் போயின. பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் காலை தீபம் காட்டுகிறவரை யாரும் தொடுவதில்லை. காலையில் டப்பாவைக் காரில் பூட்டிச் சக்கரங்களை மாட்டவே நேரம் சரியாக இருந்தது. வேனில் ஏறிய பிறகுதான் அந்தக் கடைசி இறுக்கு நினைவுக்கு வந்தது.

இப்போது ஒரு வேலைக்குத்தான் நேரம் இருந்தது. ஒரு பின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதைச் சுற்றிப் பார்த்தேன். கனமாகத்தான் சுற்றியது. அடியில் ஈரம் இல்லை. டிஃபை விட்டுவிட்டு பேரிங்கை எடுத்தேன்.

சந்தனம் தண்ணீரில் குழைத்தது. பெட்ரோலுக்குக் கரையாது.

"அக்கா, பிளாஸ்க்ல என்ன இருக்கு?"

"ஒங்க மொதலாளிக்கு பிளேன்டி போட சுடுதண்ணி."

"அதக் குடுங்க."

அக்கா முதலாளியைப் பார்த்தார். "குடுத்துத் தொலை," என்றார் அவர்.

பிளாஸ்க் மூடியில் சுடுதண்ணீர் ஊற்றி பேரிங்குகளைப் போட்டு ஆட்டினேன். தண்ணீர் மஞ்சளானது. ஊற்றிவிட்டு மறுபடி ஆட்டினேன். பிறகு தண்ணீரை விரட்ட பெட்ரோல். ஹப்புத்தளை தாண்டி ரோடு இறங்கி வளைய ஆரம்பித்ததும் ஒரு பேரிங் கையிலிருந்து தெறித்துப் போய்விட்டது. மாற்றுப் பேரிங் கிடையாது. முதலாளி வேனை ஓரங்கட்டினார். மூன்று பேரும் குனிந்து சீட்டுக்கு அடியில் தடவினோம். கடைசியில் அது அக்காவின் சேலைக் கொசுவத்திலிருந்து விழுந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு மூடியை அழுத்தினேன். மூன்று சத்தமில்லாமல் சுற்றின. நாலாவது இன்னும் லேசாக முனகியது.

தோட்டத்து மைதானத்தில் பழைய தண்ணீர்க் குழாய்களை வளைத்துப் பாதை போட்டிருந்தார்கள். மச்சான் முன்னாலேயே வந்துவிட்டார்.

"என்ன மாப்ள, காரு குளிச்சுட்டு வந்திருக்கு போல?"

நான் அவருடைய காரைப் பார்த்தேன். அதன் அச்சைச் சுற்றியும் மஞ்சள். அவர் பேரிங்குக்கு மூடி போடுவதே இல்லை. மூடி இல்லாவிட்டால் வேகம் என்று ஒரு நம்பிக்கை.

"அய்யா, ஒங்க அச்சுலயும் சந்தனம் இருக்கு. உள்ள போயிருந்தா பேரிங் புடிச்சிரும். கழுவித் தரட்டுமா?"

"சாமிக்கு வச்சதக் கழுவணுமா? மாப்ள, ஒங்க ஆள் நல்ல கைகாரன். ரேசுக்கு முன்னாடியே என் காரைப் பிரிச்சுப் போடப் பாக்கிறான்."

முதலாளி என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். "நீ யாரு பக்கம்டா?"

"ஜெயிச்சா அந்தக் காரும் நமக்குத்தானே மொதலாளி. பேரிங் வெந்துபோன காரை வாங்கி என்ன பண்றது?"

அவர் சட்டையை விட்டார்.

பத்துச் சுற்று. தொடக்கத்திலேயே மச்சானின் கார் முன்னால் போய்விட்டது. முதலாளி எங்கள் காரை விடாமல் அதன் பின்னாலேயே ஓட்டினார். நாலாவது சுற்றில் எங்கள் கார் என் காலடியைக் கடந்தபோது அடியில் செம்மண் அப்பிக்கொண்டிருந்ததைக் கண்டேன். காய்ந்த மண் அப்பாது. சூட்டில் இளகிய எண்ணெய், அந்தக் கடைசி இறுக்கு இல்லாத மூடி வழியாக வந்துகொண்டிருந்தது. அடுத்த வளைவில் உள்பக்கத்துப் பின் சக்கரம் தரையை விட்டு எழும்பி வெறுமனே சுழன்றது. கார் முன்னேறாமல் நின்று பிறகு போனது.

"டிஃப் ஒழுகுது மொதலாளி. வளைவுல வேகம் குடுக்காதீங்க. நேரா வந்த பொறகு குடுங்க."

"எவ்வளவு நேரம் தாங்கும்?"

"தெரியாது."

ரிமோட்டை வாங்கிவிடலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. ஆறாவது சுற்றில் மச்சான் அரைப் பாதை முன்னால் இருந்தார். ஏழாவதில் அவருடைய காரிலிருந்து ஊளை மாதிரி ஒரு சத்தம் கிளம்பியது. கார் நேர்ப் பாதையிலேயே வலப்பக்கம் இழுத்தது.

"இழுக்காத, இழுக்காத சனியனே," என்று அவர் காரைத் திட்டினார். மேட்டில் உட்கார்ந்திருந்த தோட்டத்துப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஒன்பதாவது சுற்றில் முன் சக்கரம் ஒன்று சுற்றுவதையே நிறுத்தியது. கார் குழாயில் மோதிக் கவிழ்ந்தது. அவர் ஓடிப் போய் நிமிர்த்தினார். சக்கரம் அசையவில்லை. எங்கள் கார் அதைத் தாண்டியது. கடைசிச் சுற்று முழுக்க ஒவ்வொரு வளைவிலும் அது நிற்கிற மாதிரி நின்றது. கோட்டைத் தாண்டியதும் முதலாளி ரிமோட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மச்சான் தன் காரைத் தூக்கியவர் அச்சைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். அவ்வளவு சூடு. அதை அவர் மாப்பிள்ளையிடம் கொடுக்கவில்லை. என் கையில் வைத்தார்.

"இந்தா, இப்பக் கழுவு."

"யாருண்ணே அச்சுல வச்சது?" என்றார் அக்கா.

"வேற யாரு, அம்மாதான். மாப்ள காருக்கும் நீ அச்சுல வச்சியான்னு காலையில ஃபோன் போட்டுக் கேக்கச் சொன்னாங்க. நான்தான் கேக்கல."

திரும்பும்போது என் மடியில் இரண்டு கார்கள் இருந்தன. எங்கள் டிஃபைத் திறந்து முதலாளிக்குக் காட்டினேன். அடியில் கொஞ்சம்தான் எண்ணெய் மிச்சம். பல் ஒன்றின் முனை மழுங்கியிருந்தது. இன்னும் ஒரு சுற்று இருந்திருந்தால் என்று அவர் ஆரம்பித்தார். மச்சானின் பேரிங் நீலம் பாரித்துப் போயிருந்தது. அதைக் கழுவிப் பயனில்லை. ஜன்னல் வழியாகத் தேயிலைக்குள் எறிந்தேன்.

பண்டாரவளை தாண்டியதும் அக்கா தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"அடுத்த வருசம் எங்கதான் வைக்கணும், சொல்லு."

"மேல, காரோட கூரையில வைங்கக்கா," என்றேன். "நானே காட்டுறேன்."