இரும்பன் விழ மறுத்த மாலை

அடுப்புக்கரியைப் பொடித்துத் தேங்காய் எண்ணெயில் குழைத்தால் ஒரு கசப்பு வாசனை வரும். எத்தனை முறை முகம் கழுவினாலும் மூக்கு நுனியை விட்டுப் போகாது. ஆறாம் வகுப்பு ஆண்டுவிழாவில் அதை என் முகம், கழுத்து, முழங்கை வரை அப்பிவிட்டு, 'இப்பத்தான் பொருத்தமா இருக்கு' என்று சிரித்தார் நாடகம் பழக்க வந்தவர். நான் பிறப்பிலேயே கறுப்பு, வகுப்பில் எல்லாரையும்விட உயரம், குரலும் கனம். ஆகவே மதுரை கே.கே. நகரின் அந்தத் தனியார் பள்ளியில், அவனியாபுரத்திலிருந்து வேனில் வந்துபோகும் எனக்கு, யாரும் ஒரு வார்த்தை கேட்காமலே 'பாதாள ராணி' வேஷம் வந்து சேர்ந்தது. மூன்று வீரச் சிறுவர்களிடம் தோற்றுச் சிறைக்குப் போனேன். மறுநாளிலிருந்து வேனில் எனக்குப் 'பாதாளம்' என்றே பெயர். 'ஏய் பாதாளம், தள்ளி உக்காரு' என்பார்கள். வேன் டிரைவர் அண்ணன்கூடக் கண்டிக்கவில்லை.

அடுத்த வருடம் ஞானம் டீச்சர் வந்தார். அறிவியல் பாடம் எடுத்தவர். தொண்ணூறுகளின் கடைசி அது. கம்ப்யூட்டரெல்லாம் ஒரே ராத்திரியில் நின்றுவிடும் என்று ஊர் பேசிக்கொண்டிருந்த காலம். டீச்சர் பழைய நாடகத்துக்குத் தொடர்ச்சி எழுதினார். விண்ணிலிருந்து 'இரும்பன்' என்றோர் இயந்திரம் வைகை மணலில் இறங்கி மனிதர்களின் நினைவை உறிஞ்சுகிறது. உறிஞ்சப்பட்டவர்கள் தங்கள் பெயரையே மறந்து மரம்போல நிற்கிறார்கள். வீரர்களின் வாள் எடுபடவில்லை. வேறு வழியின்றி அவர்கள் சிறைக்கு வந்து, பழைய எதிரியான பாதாள ராணியிடம் உதவி கேட்கிறார்கள். தனக்கு நேர்ந்த ஒவ்வோர் அவமானத்தையும் மறக்காதவள் அவள். அவளுடைய நினைவை மட்டும் இரும்பனால் உறிஞ்ச முடிவதில்லை. அவள் அதன் நெஞ்சிலிருக்கும் விசையை இறக்க, அது சாய்கிறது. வீரர்களின் தலைவன், 'இனி நீ சிறைக்குப் போக வேண்டாம். எங்களோட வா' என்கிறான். அதோடு திரை.

முதல் ஒத்திகைக்குக் கரிக்கிண்ணத்தோடு போய் நின்ற என்னிடம், "இது எதுக்குடி? உன் கண்ணு போதும்" என்று சொல்லிக் கிண்ணத்தை வாங்கி ஓரமாக வைத்தார் டீச்சர். அந்த ஒரு வாக்கியத்துக்காக நான் எந்த இரும்பனோடும் மோதியிருப்பேன்.

இரும்பனாக நடித்தவன் சாந்தாராம். ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியில் வெள்ளித்தாள் ஒட்டி அதற்குள் நிற்பான். விண்வெளி மொழியென்று தன் வீட்டுச் சௌராஷ்டிர மொழியில் உறுமுவான், எங்களுக்கு மயிர்க்கூச்செறியும். பிறகுதான் சொன்னான், "எங்கம்மா காலைல என்னைய எழுப்புறப்ப திட்டுறது அம்புட்டும்."

வீரர் தலைவன் கார்த்திக், பள்ளித் தாளாளரின் பேரன். விழாவுக்குச் சில நாட்கள் முன்பு தாளாளர் ஒத்திகை பார்க்க வந்தார். முடிந்ததும் எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படியே பேசினார்.

"என்ன டீச்சர் இது? எம்பேரன் போயி ஜெயில்ல கெடக்குறவகிட்டக் கையேந்தணுமா?"

"கதைல அவ திருந்துறா சார்."

"அவ திருந்துனா என்ன, திருந்தாட்டி என்ன? பெரிய பெரிய ஆளுகள்லாம் வாராக. இரும்பன இவனே அடிக்கட்டும். அந்தப் பிள்ள கூண்டுக்குள்ளயே நிக்கட்டும்."

என் பெயர்கூட அவருக்குத் தெரியாது. 'அந்தப் பிள்ள.' டீச்சர் இரண்டு முறை மறுத்துப் பேசினார். மூன்றாம் முறை தாளாளர் காது கொடுக்கவில்லை. என் வசனமெல்லாம் போயிற்று. பேசாமல் கம்பிகளைப் பிடித்து நிற்பதற்கு ஒரு வேஷம்! அம்மாவிடம் அழுதேன். துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே சொன்னாள்: "அவுக நல்லவுகளாவே இருக்கணும்னா, ஒருத்தி கடைசிவரைக்கும் கெட்டவளா இருக்கணும்ல."

விழா மாலையில் மைதானம் நிறைந்திருந்தது. கார்த்திக் பாய்ந்து இரும்பனின் விசையை இறக்கினான். இரும்பன் விழவில்லை. வாளால் அடித்தான். விழவில்லை. "விழுடா" என்று பல்லைக் கடித்தான். பெட்டிக்குள்ளிருந்து வந்த பதில் மைக்கில் ஊருக்கே கேட்டது:

"நீ அடிச்சா விழ மாட்டேன். அவ வரட்டும்."

கூட்டம் சிரித்தது, பிறகு, என்ன நடக்கப்போகிறதென்று அடங்கியது. நான் திரையோரம் நின்ற டீச்சரைப் பார்த்தேன். அவர் 'வா' என்றும் சொல்லவில்லை, 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அட்டைக் கம்பிகளைத் தள்ளிவிட்டு வெளியே வந்தேன். கார்த்திக் ஒதுங்கி வழிவிட்டான். விசையில் கை வைத்ததுதான் தாமதம், மேடைப் பலகை அதிர விழுந்தான் சாந்தாராம். கார்த்திக் தன் தாத்தா இருந்த பக்கம் ஒரு தரம் பார்த்தான், பிறகு, வெட்டப்பட்ட வசனத்தை உரக்கச் சொன்னான்: "இனி நீ சிறைக்குப் போக வேண்டாம். எங்களோட வா."

அப்படியொரு கைதட்டலை அதற்குப் பின் நான் வாழ்வில் கேட்டதில்லை. அது ஓயுமுன்பே தாளாளர் மேடையேறி மைக்கைப் பிடித்தார். "பிள்ளைங்க வசனத்த மறந்துட்டாங்க, பெரியவங்க பொறுத்துக்கணும்" என்றார். மறந்துவிட்டோமாம்! ஒரு சொல் பிசகாமல் நாங்கள் நினைவு வைத்திருந்ததல்லவா அவருக்குப் பொறுக்கவில்லை! சிறந்த நடிகன் கேடயம் கார்த்திக்குக்குக் கிடைத்தது. வாங்கும்போது அவன் தலை நிமிரவில்லை. சாந்தாராம் மறுநாள் முழுக்க வெயிலில் முட்டி போட்டான். முழுப்பரீட்சை விடுமுறை முடிந்து திரும்பியபோது ஞானம் டீச்சர் இல்லை. 'அவங்களா நின்னுட்டாங்க' என்றார்கள். உசிலம்பட்டிப் பக்கம் ஏதோ பள்ளிக்குப் போய்விட்டதாகக் கேள்வி. எங்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட அவரை விடவில்லை. பிள்ளைகளுக்கு நியாயம் தெரிந்ததற்கு ஒரு டீச்சரின் வேலை விலை.

போன மாதம் என் அண்ணன் மகளைச் சேர்க்க அதே பள்ளிக்குப் போனேன். அந்த மைதானம் இல்லை. நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது. நாடகமும் இல்லையாம்; குளிரூட்டிய அரங்கில் சினிமாப் பாட்டுக்கு ஆட்டம் மட்டும்தான். வரவேற்பிலிருந்த பெண்ணிடம் ஞானம் டீச்சரைப் பற்றி விசாரித்தேன். கணினியில் தேடிவிட்டு இதமாகச் சொன்னாள்: "அப்படி யாரும் இங்க வேலை பாக்கலையே மேடம்."

"பாத்தாங்க" என்றேன். காத்திருந்த பெற்றோரெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் கனம் என்பதைத்தான் முன்பே சொன்னேனே. இன்னும் சத்தமாகச் சொன்னேன்: "ஏழாங் கிளாசுக்கு சயின்ஸ் எடுத்தாங்க. ஞானம் டீச்சர். நல்லா எழுதி வச்சுக்கம்மா."