காம்பில் கட்டிய நூல்

என் அக்காவின் கணவரை ஆப்பிள் தோட்டத்தில் எல்லோரும் ‘கலர்காரர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். மருந்தடிப்பது அவர் வேலை. சந்தைக்கு முந்தி வரும் பழத்துக்குத்தான் மவுசு, அதுவும் சிவந்திருந்தால். அதனால் அறுவடைக்குச் சற்று முன்பு அத்தான் தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு வரிசை வரிசையாக நடப்பார்.

ஆப்பிள் முற்றும்போது எத்திலீன் என்ற வாயுவைத் தனக்குள்ளேயே சுரக்கும். பச்சை வடிந்து தோலில் சிவப்பு ஏறுவதற்கு அந்த ஹார்மோன் ஒரு தூண்டுதல். அவர் அடிக்கும் மருந்து காய்க்குள் போய் அதே வாயுவை வெளிவிடும். ஆனால் அதற்கு நிறத்தோடு நிறுத்திக்கொள்ளத் தெரியாது. சதையை இளக்கும், காம்பையும் தளர்த்திவிடும். எனவே காம்பைப் பிடித்துவைக்க இன்னொரு ஹார்மோன் மருந்தையும் சேர்த்தடிப்பார்கள்.

“முதல் மருந்து ‘கிளம்பு கிளம்பு’ன்னு விரட்டும். ரெண்டாவது, ‘இருய்யா, போகலாம்’னு கையைப் பிடிக்கும்” என்பார் அத்தான்.

அக்கா இறந்த பிறகும் அவர் தோட்டத்து பம்ப் ஷெட்டை ஒட்டிய இரண்டறை வீட்டிலேயே இருந்தார். சமையலறையில் இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்றில் தேய்த்துத் தேய்த்துப் பூப்படம் அழிந்துபோயிருந்தது. மற்றதில் பூ அப்படியே இருந்தது. நான் போனால், “வா மாப்ள. நான் பேசிப் பேசி இந்தச் சுவருக்கே காது புளிச்சுப்போச்சு” என்பார்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம். அதை மட்டும் முதலாளி அவர்கள் வீட்டுக்கென்று விட்டிருந்தார். மகள் சின்னவளாக இருந்தபோது அக்கா அவளைத் தூக்கி ஜன்னலில் நிறுத்துவாள். சிவந்த முதல் பழத்தை யார் முதலில் பார்க்கிறார்களோ, பழம் அவர்களுக்கு. அக்கா ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. மகள் வெளியூரில் படிக்கப் போனாள். அங்கேயே வேலையும் கிடைத்தது. மரம் சிவக்கும் சமயத்தில் அவளுக்கு ஒருமுறையும் லீவு வாய்க்கவில்லை.

அம்மா போன பிறகு முதன்முறையாக வருகிறேன் என்று போனில் சொன்னாள். அவள் சொன்ன தேதியில் மரம் பச்சையாகத்தான் நிற்கும்.

“வீட்டுக்குள்ளதான் அவங்கம்மா இல்ல, மாப்ள. ஜன்னலுக்கு வெளியிலயாவது பழையபடி இருக்கட்டும்” என்றார் அத்தான்.

அந்த ஒரு மரத்துக்கு மருந்தடித்தார். காய்மேல் நிழல் விழுந்த இடத்தில் சிவப்பு ஏறாது என்று மறைத்த இலைகளைக் கிள்ளிப் போட்டார். இரண்டாவது மருந்தைச் சேர்க்கவில்லை. வந்த அன்றைக்கே பறிக்கப்போகிறோம், எதற்கு வீணாக என்று நினைத்துவிட்டார். இரவுகள் குளிர்ந்தன. மரம் தகதகவென்று சிவந்தது.

வருவதற்கு முதல் நாள் மகள் கூப்பிட்டாள். ஆபீஸில் வேலை, அடுத்த வாரம்தான் வரமுடியும்.

“அதனால என்னம்மா, மெதுவா வா” என்றாராம்.

மறுநாள் காலை பழங்கள் விழத் தொடங்கின. இரண்டாவது மருந்தை அப்போது அடித்துப் பார்த்தார். தளர்ந்த காம்பில் அது என்ன செய்யும்? எனக்குப் போன் வந்தது. “மாப்ள, உங்கக்கா தையல் பெட்டியை எங்க வைப்பா?”

நான் போனபோது ஏணிமேல் இருந்தார். ஒவ்வொரு காம்பையும் பச்சை நூலால் கிளையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன அத்தான், ஓடிப்போற மாட்டைக் கட்ற மாதிரி கட்றீங்க?”

“பேசாம ஏணியைப் பிடி. நான் விழுந்தா உங்கக்கா உன்னைத் திட்டமாட்டா, என்னைத்தான் திட்டுவா.”

மகள் வந்ததும் நேராக ஜன்னலுக்குத்தான் போனாள். “அப்பா! இப்பவே சிவந்துடுச்சா!” என்று வெளியே ஓடினாள்.

“தொடாதம்மா, மருந்து ஈரம் காயல” என்று சாக்குச் சொல்லிக்கொண்டே பின்னால் போனார். அதற்குள் தொட்டுவிட்டாள். பழம் நூலில் ஊஞ்சலாடியது. அடுத்ததைப் பார்த்தாள், அதற்கடுத்ததையும். நூல் யாருடையது என்பது அவளுக்குத் தெரியும்.

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எப்படியாவது வந்திருப்பேன்லப்பா?”

“காய்க்கு மருந்தடிச்சு அவசரப்படுத்தின லட்சணம் இது. உனக்குமா அடிக்கணும்?”

அவள் சிரித்தாள். ஒரு முடிச்சை அவிழ்த்துப் பழத்தைக் கடித்தாள். மாவாகத்தான் இருந்திருக்கும். “நல்லா இருக்குப்பா” என்று முழுதையும் தின்றாள்.

அடுத்த பருவத்தில் அந்த மரத்துக்கு அத்தான் எந்த மருந்தும் அடிக்கவில்லை. “சிவந்துடுச்சாப்பா?” என்று மகள் கேட்கும்போதெல்லாம், “அதுவா சிவக்கட்டும்மா, வந்து பாத்துக்கலாம்” என்றார். காய்கள் பச்சையாக இருக்கும்போதே போய்விட்டார். மகள் வந்து காரியமெல்லாம் முடித்துவிட்டுத் திரும்பினாள்.

வீட்டைக் காலிசெய்ய நான்தான் வந்திருக்கிறேன். பூப்படம் அழிந்த தட்டையும் அழியாத தட்டையும் ஒரே காகிதத்தில் சுற்றினேன். இன்று காலை ஜன்னலைத் திறந்தபோது, மேல்கிளையில் அவிழ்க்காமல் விட்ட பழைய நூல் ஒன்றின் பக்கத்தில், ஒரு பழம் தானாகச் சிவந்திருந்தது. போட்டிக்கு யாருமில்லாததால் நான்தான் முதலில் பார்த்தேன்.

பறிக்கவில்லை. காம்பு விடும்வரை இருக்கட்டும்.