தம்பி தோட்டத்துத் திராட்சை

எங்கள் சமையலறையில் நல்லெண்ணெய் ஊற்றி வைத்திருக்கும் புட்டி ஒரு காலத்தில் ஒயின் புட்டி. அதன் லேபிளில் பாதியைச் சுரண்டியாகிவிட்டது. மீதியில் ஓர் ஆங்கில வரி. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. பொருள் மட்டும் தெரியும்: எங்கள் தோட்டத்திலேயே விளைந்த திராட்சை.

காரமடைக்கு மேற்கே முதலாளியம்மாவின் திராட்சைத் தோட்டத்தில் லேபிள் ஒட்டுவது அப்போது என் வேலை. தோட்டத்தை ஒட்டியே சின்ன ஒயின் ஆலை. நான் யாரிடமும் பேசமாட்டேன். "ஏங்கண்ணு, உனக்குப் பேசறதுக்குத் தனியாக் கூலி போடோணுமாட்ட இருக்குது" என்று அவர் கேலி செய்வார். தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வேன்.

ஒரு வருடம் பழுக்கும் நேரத்தில் ஆலங்கட்டி மழை பெய்து பாதிக் குலைகள் உதிர்ந்தன. அந்த ஆண்டுச் சரக்கு முழுவதையும் பெங்களூர்க் கடைக்காரர் ஒருவர் கேட்டிருந்தார். அதைக் கொடுத்தால்தான் தோட்டம் நிற்கும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சத்தியமங்கலத்திலிருந்து முதலாளியம்மாவின் தம்பி தன் தோட்டத்துப் பழத்தை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். "உங்க தோட்டம் வேற, என் தோட்டம் வேறயாங்கக்கா?" என்று காசு வாங்க மறுத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் உடன்பிறந்தவர் காட்டில் விளைந்ததையும் நம்முடையது என்றுதான் சொல்வோம். அதனால் பழைய லேபிளையே ஒட்டினோம். யாருக்கும் அது உறுத்தவில்லை.

லேபிளைச் சரிபார்க்க அதிகாரி வந்தபோது அம்மா உள்ளே மோர் எடுக்கப் போயிருந்தார். "பழமெல்லாம் இங்க வெளஞ்சதுங்களா?" என்று அதிகாரி என்னைக் கேட்டார். அம்மா குடும்பத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றிவிட்டது. "பாதி அம்மாவோட தம்பி தோட்டத்துதுங்க. காசே வாங்கலீங்க. அப்பேர்ப்பட்ட மனுசனுங்க."

அதிகாரி கெட்டவரல்ல. பொறுமையாக விளக்கினார். லேபிளில் போடும் ஆண்டு பழம் பறித்த ஆண்டாக இருக்க வேண்டும், புட்டியில் அடைத்த ஆண்டாக அல்ல. திராட்சையின் வகையைப் போட்டால் உள்ளே பெரும்பகுதி அந்த வகையாகவே இருக்க வேண்டும். நம் தோட்டத்தில் விளைந்தது என்று போட்டால் பழம் முழுவதும் நம் தோட்டத்துப் பழமாக இருக்க வேண்டும். "தம்பி தோட்டம் வேற தோட்டமுங்க" என்றார். மோரோடு வந்த அம்மா அதைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

புட்டிகளைத் தொட்டித் தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டினோம். அம்மாவும் எதிரே உட்கார்ந்து பிளேடைப் பிடித்தார். "நெசத்தத்தான சொன்னே, எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்கறே? ஏதாச்சும் பேசு கண்ணு" என்றார். எனக்கு வாயே வரவில்லை. அந்த வரி இல்லாத சரக்கு வேண்டாம் என்று பெங்களூர்க்காரர் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் கொடிகளை வெட்டினார்கள். இப்போது அங்கே பாக்கு மரங்கள் நிற்கின்றன. அம்மா மகளோடு கோயமுத்தூரில் இருக்கிறார்.

அன்று பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்த வரியை நம்பித்தானே ஒருவர் எங்கோ புட்டியை வாங்குகிறார். ஆனால் யாரோ கேட்டதற்குத் திறந்த வாய், அம்மா பேசு என்று கேட்டபோது மூடிக்கொண்டது. அதுதான் இன்னும் என்னை விடவில்லை. தேர்த் திருவிழாவில் தூரத்தில் அவரைப் பார்த்தேன். கூட்டத்துக்குள் ஒதுங்கிக்கொண்டேன்.

மீதி லேபிளையும் சுரண்டுகிறேன் என்பாள் என் மனைவி. வேண்டாம் என்று தலையாட்டுவேன். உள்ளே இருப்பது கடையில் வாங்கிய எண்ணெய். எள் யாருடைய காட்டில் விளைந்ததோ. வெளியே மட்டும் அந்த வரி, எங்கள் தோட்டம் என்று.